பம்புக்காரர் ஒருதரம்தான் சொல்வார்

அவரைப் பற்றிச் சொல்ல வந்தால் முதலில் இதைச் சொல்லவேண்டும். எதையும் அவர் ஒருதரம்தான் சொல்வார். கேட்பதும் ஒருதரம்தான். என்னிடமும் ஒருநாள் ஒன்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல எனக்கு நாலு வருஷம் பிடித்தது. அந்தப் பதில் அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது இன்னும் தெரியாது.

பெயர் சொல்லப்போவதில்லை. ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களும் குறைவு. யாழ்ப்பாணத் தீவுப்பக்கம், ஊர்காவற்துறையில் கடலைப் பார்த்தபடி இருந்த ஒரு பழைய சரக்குக் கிட்டங்கியை வாடகைக்கு எடுத்து, படகு எஞ்சினும் லொறி எஞ்சினும் திருத்தினார். டீசல் எஞ்சினில் எல்லாம் தெரிந்தவர்தான். ஆனால் டீசலை அளந்து அனுப்புகிற பம்பும், அதை எஞ்சினுக்குள் பீச்சுகிற நொசிலும்தான் அவருடைய தனிக் கை. அதனால் பம்புக்காரர். மன்னார்ப் பக்கத்து ஆள். யுத்தம் முடிந்து சில வருஷம் கழித்து, ஒரு இரும்புப் பெட்டியும் ஒரு சைக்கிளுமாக வந்தவர்.

நான் லொறிக்காரி. வேலணையில் இறங்கி லொறிக்காரி வீடு எது என்று கேட்டால் என் படலையில் கொண்டுவந்து விடுவார்கள். என் வீட்டுக்காரர், இவர், உயிரோடு இருந்த காலத்தில் வாங்கிய, மூக்கு நீண்ட பழைய லொறி. இவர் போன பிறகு விற்கச் சொல்லாத ஆள் இல்லை. நான் விற்கவில்லை. பின்னால் தண்ணீர்த் தாங்கியைப் பூட்டினேன். மண்கும்பானில் மணலுக்குள் ஊறுகிற நல்ல தண்ணீரை எடுத்து, பாலம் கடந்து, புங்குடுதீவுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற தொழில். அங்கே முக்கால்வாசிக் கிணறு உவர். மற்றவர்கள் வெளிநாடு போய்விட்ட பத்து அறை வீட்டில் ஒரு ஆள் இருப்பார், அந்த ஒரு ஆளுக்கும் குடிக்கத் தண்ணீர் வேண்டும்தானே. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். ஆனால் என் லொறியில் எந்த நட்டுக்கு எந்த ஸ்பானர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்றால் அது பொய்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு வந்தவரிடம் தேத்தண்ணீர் குடிக்கச் சொன்னால், அவர் "வேண்டாம், இப்பதான் குடிச்சனான்" என்பார். அது வேண்டாம் இல்லை. இரண்டாந்தரம் கேட்கவேண்டும். "ஏன் சும்மா கரைச்சல் படுறியள்" என்பார். அதுவும் வேண்டாம் இல்லை. மூன்றாந்தரம் கேட்டால், "சரி, அரைக் கோப்பை தாங்கோ" என்று முழுக் கோப்பை குடிப்பார். முதலாந்தரமே ஓம் என்று சொன்னால் தின்னக் குடிக்க அலைந்த ஆள். ஒருதரம் கேட்டுவிட்டு விட்டுவிட்டால், கேட்டவர் மனம் வைத்துக் கேட்கவில்லை. நாங்கள் இப்படித்தான் பழகினோம்.

பம்புக்காரர் முதல்நாள் என் வளவுக்கு வந்தபோது, "தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்று கேட்டேன்.

"ஓம். சீனி வேண்டாம். பனங்கட்டி இருந்தால் ஒரு துண்டு தாங்கோ."

என் டிறைவர் ராசனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. குசினிப் பக்கம் வந்து, "அக்கா, ஆள் நாலு நாள் சாப்பிடாமல் வந்திருக்குப் போல" என்றான்.

அடுத்தநாளும் கேட்டேன். "வேண்டாம்" என்றார். இரண்டாந்தரம் கேட்டேன். எஞ்சினுக்குள் கவிழ்ந்திருந்தவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. இப்போதுதானே சொன்னேன், இந்த மனுஷிக்குக் காது சுகமில்லையோ என்கிற பார்வை. மறுபடி கவிழ்ந்துவிட்டார். மூன்றாந்தரம் கேட்டதற்கு மறுமொழியே இல்லை. போட்ட தேத்தண்ணீரை நானும் ராசனும் குடித்தோம்.

"அவர் வேண்டாம் எண்டால் வேண்டாம்தான், அக்கா" என்றான் ராசன், பெரிய கண்டுபிடிப்பாக.

ஊருக்கு இது விளங்கப் பல நாள் எடுத்தது. மண்கும்பானில் உழவு மெஷின் வைத்திருந்த ஒருவர் அவரைக் கூப்பிட்டிருந்தார். நான் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் என் கண்முன்னால் நடந்தது. பம்புக்காரர் மெஷினை ஓடவிட்டு, ஒவ்வொரு நொசிலாகத் தளர்த்திப் பார்த்தார். பிறகு நிற்பாட்டச் சொன்னார்.

"ரெண்டாம் நொசில் ஒழுகுது. மாத்தாமல் ஓட்டினால் பிஸ்டன் ஓட்டையாகும்."

"மழை வரப்போகுது அண்ணை, உழவு கிடக்கு. ஒரு ரெண்டு நாளைக்குத் தாங்காதோ?"

பம்புக்காரர் துணியில் கையைத் துடைத்தார். பையைச் சைக்கிளில் கொழுவினார்.

"என்ன காணும், ஒரு மறுமொழி சொல்லிப்போட்டுப் போமன்!"

சைக்கிள் தெருவில் ஏறிவிட்டது. அடுத்தநாள் மத்தியானம் பிஸ்டன் ஓட்டையானது. அந்த மனிதர் ஒரு மாதம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்: "அந்தாள் அழுத்திச் சொல்லேல்லை. அழுத்திச் சொல்லியிருந்தால் நான் கேக்கமாட்டனோ?" நானும் அன்றைக்கு அவர் பக்கம்தான் தலையாட்டினேன். அழுத்திச் சொல்லாததைச் சொன்னதாக நாங்கள் எடுப்பதில்லை.

அவர் என் வளவுக்கு வந்தது எதற்கென்று சொல்லாமல் எங்கேயோ போய்விட்டேன். லொறியின் பம்ப் தேய்ந்துபோயிருந்தது. கறுப்புப் புகை. சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில், தாங்கி நிறையத் தண்ணீரோடு புங்குடுதீவுப் பாலத்தில் ஏறினால் முதலாம் கியரில்தான் ஊர்ந்து ஊர்ந்து போகும். ஒருநாள் மீன்பெட்டி கட்டின சைக்கிள்காரர் ஒருவர் எங்களை முந்திக்கொண்டு போனார். போகிறவர் சும்மா போகலாம்தானே. திரும்பிப் பார்த்து, "அக்கா, கயிறு கட்டி இழுக்கட்டோ?" என்றார்.

அதைக்கூடப் பொறுத்தேன். தண்ணீர் எடுக்கிற ஒரு பள்ளிக்கூட ரீச்சர் தன் வெள்ளைச் சேலையில் விழுந்த கரியைக் காட்டி, "உங்கட தண்ணியே புகை மணக்குது" என்று சொன்னதைப் பொறுக்க முடியவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து தண்ணீர் விற்கிற ஒரு வெள்ளைப் பவுசர் வேறு வரத் தொடங்கியிருந்தது. கனடாவில் இருக்கிற என் மகள் எனக்கென்று ஒரு அறையை நிறம் பூசி வைத்திருந்தாள். லொறி நின்றால் நான் அந்த அறைக்குப் போகவேண்டியதுதான்.

பம்புக்காரர் லொறியில் ஏறி ராசனோடு பாலம்வரை போய்வந்தார். பிறகு என்னிடம் வந்து சொன்னார்.

"எஞ்சின் நல்லது. பம்பும் நொசிலும் முடிஞ்சுது, திருத்திப் பிரயோசனமில்லை. பிறகு வந்த ஜப்பான் எஞ்சின் ஒண்டின்ர பம்ப் கொண்டுவாறன். அமுக்கம் கூடினது. அதுக்கேத்த நொசிலும் போடவேணும். பூட்டுற இடம் பொருந்தாது, தகடு வெட்டிப் பொருத்துவன். ஒன்பது நாள்."

"ஓடுமோ?"

"ஓடும்."

வேறு யாராவது என்றால், பார்ப்பம், கடவுள் விட்ட வழி என்று ஒரு பத்து வார்த்தை சேர்த்திருப்பார்கள். அந்த ஒரு சொல்லோடு எனக்கு ஒன்பது நாளும் நித்திரை வந்தது.

வேப்பமரத்துக்குக் கீழே வேலை நடந்தது. தடித்த தகட்டை வெட்டி, துளைத்து, அராவி, புதுப் பம்பை அதில் உட்கார வைத்தார். பம்பிலிருந்து ஒவ்வொரு நொசிலுக்கும் போகிற இரும்புக் குழாய்களை ஒரே நீளத்துக்கு வெட்டினார். கிட்ட இருக்கிற நொசிலுக்குக் குழாய் ஏன் இவ்வளவு நீளம் என்று கேட்டேன். "ஒண்டுக்கு முந்தியும் மற்றதுக்குப் பிந்தியும் டீசல் போகக்கூடாது" என்று, மிஞ்சின நீளத்தை அழகாக வளைத்துவிட்டார். எங்கள் காற்றிலேயே உப்புத் தண்ணீர். அது டீசலில் கலந்து பம்புக்குப் போகாமல் தேங்கி நிற்க ஒரு கண்ணாடிக் கிண்ணம் போட்ட வடிகட்டியும் பூட்டினார்.

நொசில் சோதிக்கிற கைப்பம்ப் ஒன்று வைத்திருந்தார். பழைய நொசிலை அதில் பூட்டி அடித்துக் காட்டினார். ஆட்டுக்குட்டி மூத்திரம் பெய்தமாதிரி ஊற்றியது. புதியதைப் பூட்டி அடித்தார். கிர் என்று ஒரு சத்தம். மார்கழிப் பனி மாதிரி ஒரு மெல்லிய தூவல் விரிந்தது. நான் என்னை மறந்து அதைத் தொடக் கையை நீட்டிவிட்டேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவிட்டார்.

"அது தோலைத் துளைச்சு உள்ளுக்குப் போகும். பிறகு கையை வெட்டவேணும்."

பிடித்த கையை உடனே விட்டுவிட்டார். நான் குசினிக்குள் போய் ஒரு வேலையும் இல்லாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

எல்லாம் பூட்டின பிறகு குழாய்களுக்குள் இருக்கிற காற்றை வெளியே எடுக்கவேண்டும். ஒருவர் பம்பின் கைநெம்பை மேலும் கீழும் அடிக்க, மற்றவர் நட்டைத் தளர்த்திப் பார்ப்பார். நுரை நுரையாக வந்து, பிறகு நுரையில்லாத டீசல் வரும்போது இறுக்கவேண்டும். ராசன் அடிக்க வந்தான். பம்புக்காரர் அவனைத் தடுத்தார்.

"அவ அடிக்கட்டும். அவவின்ர கை ஒரே அளவா அடிக்கும்."

என் வயதில் எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். சமையலைப் புகழ்ந்திருக்கிறார்கள், என் மகளைப் புகழ்ந்திருக்கிறார்கள். என் கையை ஒருவரும் சொன்னதில்லை. இன்னொருதரம் கேட்க ஆசையாக இருந்தது. அடுத்தநாள், "நேற்று நான் அடிச்சது சரியோ?" என்று கேட்டும் பார்த்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. சொன்னதுதானே.

அந்த நாட்களில்தான் ஒன்றைக் கவனித்தேன். தீவில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் நான் அக்கா. என்னிலும் மூத்தவர்கள்கூட அக்கா என்பார்கள். அவர் என்னை அக்கா என்றும் சொல்வதில்லை, அம்மா என்றும் சொல்வதில்லை. நீங்கள் என்பார், அவ்வளவுதான்.

ஒன்பதாம் நாள் பெட்டியைப் பூட்டிக்கொண்டு சொன்னார்: "பழைய பம்புக்கு வயித்துக்குள்ள தன்ர எண்ணெய் இருந்தது. இதுக்கு இல்லை. உள்ள ஓடுற டீசல்தான் இதுக்கு எண்ணெயும். டீசல் மட்டும்தான் விடவேணும்."

நான் ஓம் என்றேன்.

அடுத்தநாள் தாங்கி நிறைய, சோளகம் முகத்தில் அடிக்க, மூன்றாம் கியரில் பாலத்தில் போனோம். புகை இல்லை. அந்த மீன்காரர் முன்னால் மிதித்துக்கொண்டிருந்தார். ராசன் வேகத்தைக் குறைத்து, தலையை வெளியே நீட்டி, "அண்ணை, கயிறு வேணுமோ?" என்றான். நான் அவனை ஏசவில்லை. ஏசியிருக்கவேண்டும், ஆனால் ஏசவில்லை. ரீச்சர் வாளியோடு வந்து லொறியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "புதுசோ?" என்று கேட்டா. வெள்ளைப் பவுசர் மெல்ல மெல்ல வராமல் விட்டது. கனடாவில் அந்த அறையை மகள் சாமான் போட எடுத்துக்கொண்டாள்.

அதன்பிறகு மாதத்தில் ஒருநாள் பம்புக்காரர் கூப்பிடாமலே வருவார். கண்ணாடிக் கிண்ணத்தில் நிற்கிற தண்ணீரைத் திறந்துவிடுவார். வேப்பமரத்தடியில் கதிரையில் இருப்பார். தேத்தண்ணீர் வேண்டுமென்றால் ஓம், இல்லாவிட்டால் இல்லை. நானும் ஒருதரம் மட்டும் கேட்கப் பழகிக்கொண்டேன் என்று நினைத்தேன். ஒருநாள் எங்கேயோ பார்த்தபடி, "மனுசி பிள்ளைப்பேற்றில போயிட்டா. இருபத்தாறு வயது. பிள்ளையும் தங்கேல்லை" என்றார். அவ்வளவுதான். நான் பக்கத்தில் இருந்து கருவாட்டுத் தலை கிள்ளிக்கொண்டிருந்தேன். அதைப் பற்றி மறுபடி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அதைச் சொல்லத்தான் அன்று வந்திருக்கிறார் என்று அவர் போன பிறகு தோன்றியது. கிண்ணத்தைத் திறக்காமலே போயிருந்தார்.

பிறகு நாட்டில் டீசல் இல்லாமல் போன வருஷம் வந்தது. லொறி ஒரு கிழமை வரிசையில் நின்றது. புங்குடுதீவில் ஆட்கள் தொலைபேசி எடுத்துத் தண்ணீர் கேட்டார்கள். ரீச்சர், "மூண்டு நாளா உவர்த் தண்ணியில சோறு காய்ச்சிறன்" என்று அழாக்குறையாகச் சொன்னா. என்னால் இருக்க முடியவில்லை.

யுத்தத்தில் வடக்குக்குப் பொருளாதாரத் தடை போட்டிருந்த காலத்தில் நாங்கள் தீவை விட்டு யாழ்ப்பாணத்தில் போய் இருந்தோம். ஒரு சொட்டு டீசலுக்கு வழியில்லை. இவரும் நானும் இதே லொறியை மண்ணெண்ணெயில் தேங்காய் எண்ணெய் கலந்து வருஷக்கணக்காக ஓட்டினோம். எத்தனை போத்தலுக்கு எத்தனை என்று அளவு பார்த்துக் கண்டுபிடித்தது நான். அந்த அளவை என்னிடம் கேட்டுப்போய் ஓட்டினவர்கள் எத்தனை பேர். அந்தப் பெருமை எனக்குள் இருந்தது. எழுவைதீவில் தெரிந்த ஒரு வீட்டார் படகுக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயில் கொஞ்சம் தந்தார்கள். தேங்காய் எண்ணெய் வீட்டிலிருந்தது.

ராசன் யோசித்தான். "அக்கா, டீசல் மட்டும் எண்டெல்லோ அவர் சொன்னவர்?"

"ஒருக்காத்தானே சொன்னவர். அப்பிடிப் பெரிய விஷயமெண்டால் பிறகும் சொல்லியிருப்பார். நான் இதை நீ பிறக்க முந்தியே ஓட்டினனான். ஊத்து."

நாலு நாள் ஓடியது. ரீச்சருக்குத் தண்ணீர் கொடுத்தேன். ஐந்தாம் நாள் பாலத்தின் நடுவில் ஒரு கீச்சுச் சத்தம். எஞ்சின் நின்றது. பம்ப் இறுகிவிட்டது. லொறியைக் கட்டி இழுத்து வளவுக்குக் கொண்டுவந்தோம்.

பம்புக்காரர் ஊர்காவற்துறையிலிருந்து வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தார். டீசல் தாங்கியின் மூடியைத் திறந்து முகர்ந்தார்.  பம்பைக் கழற்றி வேப்பமரத்தடியில் சாக்கு விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். நடுத்தண்டில் நீளநீளமாகக் கீறல். அதை என் கையில் தந்தார். ஏசுவார், ஏசட்டும் என்று காத்திருந்தேன். அவர் பேசாமல் இருப்பதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"நீங்கள் ஏன் எனக்கு இன்னொருக்காச் சொல்லேல்லை?" என்று நான்தான் சண்டைக்குப் போனேன்.

அவர் ஆச்சரியப்பட்டமாதிரி என்னைப் பார்த்தார். "முதல்தரம் கேட்டனீங்கள்தானே?"

கேட்டேன்தான். 

வவுனியாவரை போய் மூன்று கிழமை தேடி, அதே மாதிரிப் பம்பிலிருந்து உறுப்புக் கொண்டுவந்தார். மறுபடி கழுவி, பூட்டி, காற்று எடுத்தோம். நான்தான் அடித்தேன். அவர் நட்டை இறுக்கினார். லொறி ஒரே அடியில் பிடித்தது. ராசன் ஓட்டிப்பார்க்கக் கொண்டுபோனான். வளவில் நாங்கள் இரண்டு பேரும்தான்.

அவர் கிணற்றடியில் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவினார். நல்லாகக் கழுவினார், நகத்துக்குள்ளேயும். நான் துவாயை நீட்டினேன். துடைத்துக்கொண்டே கேட்டார்.

"நான் இஞ்சயே இருந்திடட்டோ? ஊரறிய, கோயில்ல ஒரு மாலை மாத்தி. உங்களுக்குச் சம்மதமெண்டால்."

எனக்கு அப்போது அறுபத்திரண்டு.  ஓம் என்பது வாய்வரை வந்துவிட்டது. ஆனால் எங்கள் பெண்கள் அப்படி முதலாந்தரமே ஓம் என்று சொல்வதில்லை. என் கலியாணத்துக்கு இவரின் ஆட்கள் வந்து கேட்டபோது என்னைப் பெற்ற ஐயா மூன்றுதரம் மறுத்தார். நாலாந்தரம் அவர்கள் வந்தபோதுதான் வெற்றிலைத் தட்டை எடுத்தார். அந்த நாலு தரத்தையும் சொல்லிச் சொல்லித்தான் நான் புகுந்தவீட்டில் தலை நிமிர்ந்து இருந்தேன். முதலாவது மறுப்பு என்பது கதவைச் சாத்துவது இல்லை, வாரும் என்று கதிரையை இழுத்துப் போடுவது.

"இதென்ன கதை, இந்த வயதில? ஊர் சிரிக்கும்" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர் போட உள்ளே போனேன். அவருக்கு யோசிக்க நேரம் கொடுக்கவேண்டும் என்று பனங்கட்டியைத் தேடித் தேடி எடுத்தேன். சேலையைச் சரி செய்தேன். வெளியே வந்தபோது துவாய் கொடியில் மடித்துப் போட்டிருந்தது. அவர் பையைச் சைக்கிளில் கொழுவிக்கொண்டு நின்றார். தேத்தண்ணீரை வாங்கி, நின்றபடியே முழுக்கக் குடித்தார்.

"போயிட்டு வாறன்" என்றார்.

வருவார் என்றுதான் நான் நினைத்தேன். இரண்டாந்தரம் கேட்க ஒரு கிழமை எடுப்பார், பத்து நாள் எடுப்பார். பின்னேரங்களில் நல்ல சேலை உடுத்தேன். மூன்றாம் கிழமை ராசன் வந்து, "அக்கா, பம்புக்காரர் கிட்டங்கியைக் குடுத்திட்டார். சாமானெல்லாம் ஏத்திப் போகுது" என்றான். "எங்கட லொறியைக் கேட்டிருந்தால் சும்மா ஏத்தி விட்டிருப்பம், என்ன அக்கா?" என்றும் சொன்னான். நான் தலைவலி என்று போய்ப் படுத்தேன்.

பிறகு அவரைக் கூப்பிட ஒரு சாட்டாவது கிடைக்கும் என்று பார்த்தேன். லொறிக்கு ஒரு வருத்தமும் வரவில்லை. ஓடவிட்டுப் பக்கத்தில் நின்று கேட்பேன். ஒரு சின்னத் தட்டல், ஒரு இருமல், ஏதாவது. கிண்ணத்துத் தண்ணீரை நானே திறந்துவிட்டேன். நாலு வருஷமாக ஒரு குறை சொல்ல இடம் வைக்காமல் அந்தப் பம்ப் ஓடுகிறது.

போன தைப்பொங்கலுக்கு மகள் தொலைபேசியில் முகம் காட்டிப் பேசும்போது, என்னவோ ஒரு வேகத்தில் அவர் கேட்டதையும் நான் சொன்னதையும் சொல்லிவிட்டேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன்.

"பிறகேனம்மா மாட்டன் எண்டனீங்கள்?"

"மாட்டன் எண்டு ஆர் சொன்னது?"

"ஊர் சிரிக்கும் எண்டால் மாட்டன் எண்டுதானே அர்த்தம்?"

"அது… இன்னொருக்காக் கேக்கட்டும் எண்டு."

மகள் தொலைபேசியை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். "ஐயோ அம்மா" என்றாள். பிறகு, "அந்தாள் உங்கட மறுமொழியைக் கேட்டிட்டுத்தான் போயிருக்கு" என்றாள்.

முதல்தரம் கேட்டனீங்கள்தானே என்று அவர் என்னிடம் சொன்னது அப்போதுதான் எனக்கு முழுக்க விளங்கியது. அவர் என்னை நான் சொன்ன சொல்லுக்கு மதித்திருக்கிறார்.

சங்குப்பிட்டிப் பாலம் கடந்து மன்னார் வீதியில் ஒரு சந்தியில் வேலை செய்கிறார் என்று ராசன் எங்கேயோ விசாரித்து வைத்திருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெறுந்தாங்கியோடு லொறியை எடுக்கச் சொன்னேன்.

"ஏனக்கா, லொறிக்கு ஒண்டுமில்லையே?"

"நீ ஓட்டு."

ஒரு தகரக் கொட்டில். கதவில் பூட்டு. பக்கத்தில் ஒரு தேத்தண்ணீர்க்கடை. கடைக்காரி ஐம்பது வயது மதிக்கலாம். வாய் ஓயாத மனுஷி.

"பம்புக்காரரோ? அவர் முருங்கன் பக்கம் அரிசி மில் ஒண்டுக்குப் போயிட்டார். வர ஒரு கிழமையும் ஆகும், ஒரு மாசமும் ஆகும். எப்ப வருவியள் எண்டு கேட்டனான். தெரியாது எண்டார். பிறகும் கேட்டனான்…" என்று கையை விரித்தா. "கோல் எடுத்தும் பிரயோசனமில்லை, எடுக்கமாட்டார். அந்தக் கம்பியில எழுதிக் குத்திப்போட்டுப் போங்கோ."

கதவு நிலையில் ஒரு வளைந்த கம்பி தொங்கியது. அதில் துண்டுகள் குத்தியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு வாகன நம்பர், அதற்குக் கீழே பழுது. புகை கூட. ஏத்தத்தில் இழுக்குதில்லை. காலமை பிடிக்குதில்லை. அவர் வந்து, அடியில் இருக்கிற முதல் துண்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பாராம்.

கடைக்காரி ஒரு மட்டைத் துண்டும் பேனையும் தந்தா. லொறியின் மூக்கில் வைத்து என் லொறி நம்பரை எழுதினேன். அது பழகின எழுத்து, கை ஓடும். அதற்குக் கீழே எழுத நேரம் எடுத்தது. எழுத எவ்வளவோ இருந்தது. ராசன் எட்டிப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் போய் ரயரைத் தட்டிப் பார்த்தான்.

கடைக்காரி துண்டை வாங்கி வாசித்தா.

"என்னக்கா இது? நம்பர் இருக்கு. பழுது எழுதேல்லையே. ஓம் எண்டு கிடக்கு."

"அவ்வளவுதான்."

"என்னத்துக்கு ஓம்?"

"அவருக்கு விளங்கும்."

அவ என்னை மேலும் கீழும் பார்த்தா. பிறகு குரலைக் குறைத்து, "நான் இதை எல்லாத்துக்கும் முன்னுக்குக் குத்தி விடட்டோ? வந்தவுடனை காணுவார்" என்றா.

"வேண்டாம். வரிசையில வரட்டும்."

அவ இன்னொருதரம் கேட்டா. நான் துண்டை வாங்கிக் கடைசியில் குத்தினேன். எனக்கு முன்னால் பதினொரு லொறி நின்றன.